குளிர்நுரை குறித்துச் சித்திக்கு ஒரு விளக்க மடல்

சியாட்டில்,
வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா.

அன்புள்ள சித்திக்கு,

பாலை நுரைக்க வைக்க டவராவும் டம்ளரும் இரண்டு கைகளும் போதாதா, அதற்கு ஒரு மெஷினா என்று கும்பகோணத்திலிருந்து தொலைபேசியில் எழுப்பப்பட்ட வினா, கேட்டவர் கருதியதைவிடப் பெரிய வினாவாகும். வரும் விடையைச் சித்தப்பா கூடத்தில் அமர்ந்து உரக்கப் படிப்பதும், அண்டை வீட்டார் கேட்டுத் திருத்தம் சொல்வதும் அவ்வீட்டின் நெடுநாள் வழக்கம் என்பதால், இம்மடல் குடும்பக் கடிதத்துக்குரிய நடையை விடுத்து நூல்நடையில் வரையப்படுகிறது.

இவ்வூர்க் காபிக் கடைகளின் விலைப்பலகையில் கோல்ட் ஃபோம் என்று குறிக்கப்படும் குளிர்நுரை, பாலைச் சூடாக்காமல் குளிர்ந்த நிலையிலேயே வேகமாக அடித்து, தனித்தனியாகக் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய காற்றுக் குமிழிகளை அதில் நிரப்பி, கரண்டியைச் சாய்த்தால் வழியத் தயங்கும் பதத்துக்குக் கொண்டுவருவதால் கிடைப்பது. ஐஸ் கட்டிகள் மிதக்கும் கறுப்புக் காபியின் மேல் இது இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஊற்றப்படும்போது, தன்னுள் அடங்கிய காற்றின் காரணமாக மூழ்காமல் மேலே நின்று, பின்னர் அடிப்பக்கத்திலிருந்து சிறிது சிறிதாகக் கரைந்து வெள்ளை இழைகளாக இறங்குகிறது. அந்தக் காட்சிக்காகவே இதை வாங்குவோர் பலர் என்பதும், அவர்கள் வாங்கியதைக் குடிக்காமல் படமெடுத்துக்கொண்டு நிற்பதால் பின்னால் இருக்கும் வரிசை நகர்வதில்லை என்பதும் வேறொரு மடலில் விரிவாக ஆராயத்தக்கவை.

1971ஆம் ஆண்டு இந்நகரின் பைக் பிளேஸ் சந்தைப் பகுதியில் காபிக்கொட்டை விற்கும் சிறு கடையாகத் தொடங்கப்பட்ட ஸ்டார்பக்ஸ், 2014இல் கேபிடல் ஹில் பகுதியில் ரிசர்வ் ரோஸ்டரி என்னும் பெருங்கடையைத் திறந்தபோது இந்நுரையை அங்கே அறிமுகப்படுத்தி, 2018இல் நாடெங்கிலும் உள்ள தன் கடைகளுக்குக் கொண்டுசென்றது. இதனால் சியாட்டில் மக்கள் குளிர்நுரையைத் தம் மண்ணின் கண்டுபிடிப்பு என்று கருதுவதுண்டு. அது முழு உண்மையன்று. கிரேக்க நாட்டில் ஃப்ரெடோ கப்புச்சீனோ என்னும் குளிர் காபியின் மேல் அஃப்ரோகாலா எனப்படும் குளிர்ந்த பால்நுரையை இடும் வழக்கம் 1990களிலேயே பரவிவிட்டது. அதற்கும் முன்னர், 1957இல் தெசலோனிகி நகரின் பன்னாட்டு வணிகக் கண்காட்சியில், வெந்நீர் கிடைக்காத ஒரு விற்பனைப் பிரதிநிதி, உடனடிக் காபித்தூளைக் குளிர்ந்த நீரோடு சேர்த்துக் குலுக்கியதில் ஃப்ராப்பே என்னும் நுரைக்காபி பிறந்தது. வெந்நீர் தீர்ந்துபோனதால் உலகுக்கு ஒரு பானம் கிடைத்தது என்னும் இச்செய்தி, வெந்நீர் தீர்ந்துபோனால் வீட்டில் பூசல் மட்டுமே பிறக்கும் என்று கருதும் சித்தப்பாவின் கவனத்துக்குரியது.

இங்கு ஜனவரி மாதத்தில் பகல் வெப்பம் 10 டிகிரி செல்சியஸைத் தொடுவதற்கே தயங்கும் என்பதையும், தூறல் ஓயாது என்பதையும், அந்தத் தூறலில் மேலங்கி, கம்பளித் தொப்பி, கையுறை ஆகியவற்றை அணிந்து நடப்பவர்களின் கையுறைக்குள் ஐஸ் மிதக்கும் காபி இருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால்தான் இவ்வூராரின் இயல்பு விளங்கும். காபி ஆறிப்போனால் அடுப்பில் மறுபடி வைக்கும் மரபில் வந்த தமிழர்கள் இதைக் கண்டு முதலாண்டில் வியந்து, இரண்டாமாண்டில் கேலி செய்து, மூன்றாமாண்டில் அதே கையுறையோடு அதே வரிசையில் நிற்கின்றனர். பெரிய குளிர்பானக் குவளை ஒன்றின் கொள்ளளவு 710 மில்லிலிட்டர். கும்பகோணத்து வீட்டு டம்ளர் அளவில் அது ஏறத்தாழ ஐந்து பேருக்கான காபி. அதன் தலையில் வைக்கப்படும் நுரைக்குத் தனியாக ஒரு டாலரும் அதற்கு மேலும் பெறப்படுகிறது. அந்த நுரையில் பாதிக்கு மேல் காற்று என்பதை அறிந்த நாளிலிருந்துதான் தமிழ்க் குடும்பங்கள் அதை வீட்டிலேயே செய்யத் தலைப்பட்டன என்று கொள்வதில் தவறில்லை.

பால் ஏன் நுரைக்கிறது என்பதை முதலில் காண வேண்டும். பாலில் சுமார் 3.3 சதவீதம் புரதம் உள்ளது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன், அதாவது பால் திரியும்போது கட்டியாகச் சேரும் பகுதி. எஞ்சியது பனீர் செய்கையில் வடிந்து வரும் தெளிநீரில் கரைந்திருக்கும் வே புரதம். இப்புரத மூலக்கூறுகள் ஒவ்வொன்றிலும் நீரை நாடும் பகுதியும் நீரை விலக்கும் பகுதியும் அமைந்திருப்பதால், பாலுக்குள் ஒரு காற்றுக் குமிழி புகுந்தவுடன் அவை அதன் மேற்பரப்புக்கு ஓடி, விலக்கும் பகுதியைக் காற்றின் பக்கமும் நாடும் பகுதியைப் பாலின் பக்கமும் வைத்துப் படிந்து, குமிழியைச் சுற்றி மெல்லிய தோலாக இணைகின்றன. இத்தோல் உறுதியாக இருந்தால் நுரை நிற்கும், கிழிந்தால் அமுங்கும். குமிழிகளுக்கு இடையிலுள்ள பால் கீழ்நோக்கி வடிவதாலும், சிறு குமிழிகள் பெரிய குமிழிகளோடு கலப்பதாலும் எந்த நுரையும் ஒரு நாள் அழியத்தான் போகிறது என்றாலும், குமிழிகள் சிறியவையாகவும் பால் குளிர்ந்து சற்றே தடித்ததாகவும் இருந்தால் அந்த அழிவு காபி குடித்து முடியும்வரை தள்ளிப்போகும்.

தோலைக் கிழிப்பது கொழுப்பு. இந்த ஒரு செய்தியில்தான் கும்பகோணத்துக்கும் சியாட்டிலுக்கும் இடையிலான கருத்து வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. பாலிலுள்ள கொழுப்பு, குளிர்ப்பெட்டியின் 4 டிகிரியில் பெரும்பகுதி கெட்டியாகவும், 40 டிகிரிக்கு மேல் முழுவதும் உருகியும், இடைப்பட்ட வெப்பத்தில் பாதி கெட்டியாகவும் பாதி இளகியும் இருக்கும். அந்த இரண்டுங்கெட்டான் நிலையில் கொழுப்பின் படிகங்கள் குமிழித்தோலைத் துளைக்க, உருகிய பகுதி அத்துளையின் வழியே பரவிப் புரதத்தை விலக்கிவிடுவதால் நுரை சரிகிறது. ஆகவே வெதுவெதுப்பான கெட்டிப்பாலே நுரைக்கு முதற்பகை. கொதிக்கும் பாலில் கொழுப்பு உருகிக் கிடப்பதால் தீங்கு குறைவு. டவராவிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து டவராவுக்கும் ஒரு முழ உயரத்தில் ஆற்றப்படும் காபி, கெட்டிப்பாலில் கலந்ததாயினும் நுரைப்பதற்கு இதுவே காரணம். குளிர்ந்த நிலையிலோ, கொழுப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பதால், கொழுப்பை ஏறக்குறைய முற்றிலும் நீக்கிய ஸ்கிம் மில்க் என்னும் பாலே மிக உயரமாகவும் மிக உறுதியாகவும் நுரைக்கிறது.

தலைமுறை தலைமுறையாகப் பால்காரரிடம் கெட்டிப்பால் கேட்டு வாதாடிய குடும்பத்துக்கு இம்முடிவு உவப்பாக இராது என்பது தெரிந்ததே. ஆவின் பாலின் நீல நிறப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. அமெரிக்காவில் முழுப்பால் என்று பெருமையோடு விற்கப்படுவதற்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவு 3.25 சதவீதம்தான், அதாவது இந்நாட்டின் உச்சநிலைப் பால், சித்தி விருந்தினருக்குக் காபி போட மறுக்கும் நீலப் பாக்கெட்டுக்கு ஒரு படி மேலே நிற்கிறது, அவ்வளவே. அதற்குக் கீழே 2 சதவீதப் பால், 1 சதவீதப் பால் என்று இறங்கி, இறுதியில் அரை சதவீதத்துக்கும் குறைவான கொழுப்புடைய ஸ்கிம் மில்க் வருகிறது. அதன் நீலம் பாய்ந்த வெண்மையைக் காணும் எந்தத் தமிழ்த் தாயும் அதில் தண்ணீர் கலந்திருப்பதாகவே தீர்ப்பளிப்பார். ஆனால் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய லாக்டோமீட்டரை அதில் மிதக்கவிட்டால் தீர்ப்பு தலைகீழாகும். லாக்டோமீட்டர் பாலின் அடர்த்தியை அளக்கும் கருவி. கொழுப்பு நீரைவிட இலேசானது என்பதால் அதை நீக்கிய பாலின் அடர்த்தி சுமார் 1.035க்கு உயர்கிறது, முழுப்பாலின் அடர்த்தியோ 1.030ஐ ஒட்டியே நிற்கிறது. ஆகவே அக்கருவி தண்ணீர்ப் பால் போல் தோன்றும் இதற்கே முதல் மதிப்பெண் வழங்கும். கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடைவெளியைத் தண்ணீரால் ஈடுகட்டினால் கருவி பழைய அளவையே காட்டும் என்னும் நுட்பத்தை அக்காலப் பால்காரர்கள் அறிந்திருந்தனரா என்பதை இங்கே கிளறாமல் விடுவதே குடும்ப அமைதிக்கு நல்லது.

இனி டவராவின் தகுதி. ஆற்றும்போது விழும் தாரை காற்றை இழுத்துக்கொண்டு உள்ளே செல்வதால் குமிழிகள் உண்டாகின்றன. ஆனால் அத்தாரையின் வேகம் குமிழிகளை உடைத்து மேலும் சிறிதாக்கப் போதாது. சூடான காபியில் அப்பெரிய குமிழிகள் உதட்டில் படும்போதே உடைந்து மணத்தை மூக்குக்கு அனுப்புவதால் அங்கு அது குறையன்று, நிறையே. குளிர்ந்த பாலை அவ்வாறு ஆற்றினால், கிடைக்கும் சில பெருங்குமிழிகளும் டம்ளரை மேசையில் வைப்பதற்குள் மறைந்துவிடும். கையும் சட்டையும் குளிர்வது மட்டுமே பயன். குமிழியைச் சிறிதாக்க வேகமான வெட்டுவிசை, அதாவது திரவத்தின் அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்று உரசவைக்கும் விசை தேவைப்படுகிறது. அதைத் தருவது ஃப்ராதர் என்னும் கையடக்கக் கருவி: பென்சில் நீளக் கம்பியின் நுனியில் சுருள்வளையம், பிடியில் இரண்டு பேட்டரி, பொத்தானை அழுத்தினால் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுழற்சி. மோர் கடையும் மத்தின் பேரன் என்று அதை அறிமுகப்படுத்தினால் சித்திக்கு உடனே உறவு விளங்கும்.

செய்முறையில் மறைபொருள் ஏதுமில்லை. உயரமான கண்ணாடிக் குவளையில், குளிர்ப்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஸ்கிம் மில்க் 60 முதல் 80 மில்லிலிட்டர் வரை ஊற்றி, வெனிலா பாகோ சர்க்கரைப் பாகோ இரண்டு தேக்கரண்டி சேர்க்க வேண்டும். நுரை இரட்டிப்பாகும் என்பதால் குவளையில் பாதிக்கு மேல் காலியாக இருக்க வேண்டும். இவ்விதியை மீறுவோர் அடுப்பு மேடையைத் துடைப்பர். கருவியின் வளையம் முதலில் பாலின் மேற்பரப்புக்குச் சற்றே கீழே நின்று காற்றை உள்ளிழுக்க வேண்டும். நுரை எழத் தொடங்கியபின் ஆழத்துக்குச் சென்று பெரிய குமிழிகளை நொறுக்க வேண்டும். அரை நிமிடம் போதும். குவளையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை எழும்போதே அமுங்கிவிடும் என்பதால், காலையில் மிளகாய்ப்பொடிக்கு நல்லெண்ணெய் குழைத்த கிண்ணத்தை அவசரமாகக் கழுவி இதற்குப் பயன்படுத்தும் வீடுகளில் நுரை எழுவதில்லை. நாட்பட்ட பாலும் அவ்வாறே: அதிலுள்ள கொழுப்பு சிதைந்து விடுபடும் கொழுப்பமிலங்கள் குமிழித்தோலைக் கெடுக்கின்றன.

ஃப்ராதர் இல்லாதவர்கள், காபி வடிக்கப் பயன்படும் பிரெஞ்சு பிரஸ் என்னும் கண்ணாடிப் பாத்திரத்தில் மூன்றிலொரு பங்கு பால் ஊற்றி, அதன் சல்லடைத் தண்டை அரை நிமிடம் மேலும் கீழும் விரைவாக இயக்கினால் நேர்த்தியான நுரை கிடைக்கும். ஊறுகாய் ஜாடியை இறுக மூடிக் குலுக்குவதும் ஓரளவு பயன் தரும், ஜாடியில் ஆவக்காய் வாசனை எஞ்சியிராத வரையில். இந்நாட்டின் 120 வோல்ட் மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்ட தமிழ்நாட்டு மிக்ஸியைக் கொண்டு நுரைக்க முயல்வோரும் உளர். அதன் இரைச்சலுக்கு அடுக்குமாடிக் கீழ்வீட்டார் கதவைத் தட்டுவது நுரையின் தரத்தோடு தொடர்பற்ற தனிச் செய்தி.

கொழுப்பே பகை என்று மேலே கூறப்பட்டதற்கு ஒரு விலக்கு உண்டு. ஹெவி கிரீம் என்று இங்கு விற்கப்படும் பாலேட்டில் கொழுப்பு 36 சதவீதத்துக்குக் குறையாது. அவ்வளவு மிகுதியான கொழுப்பு குளிரில் அடிக்கப்படும்போது, அதன் துளிகள் பாதி இணைந்து சங்கிலிகளாகிக் குமிழிகளைச் சுற்றிச் சாரம் கட்டுகின்றன. புரதத்தோல் செய்த வேலையை இங்குக் கொழுப்பே ஏற்கிறது. ஹெவி கிரீம் மூன்று மேசைக்கரண்டி, 2 சதவீதப் பால் இரண்டு மேசைக்கரண்டி, வெனிலா பாகு ஒரு மேசைக்கரண்டி எனக் கலந்து அடித்தால், கடைகளில் ஸ்வீட் கிரீம் என்று விற்கப்படும் கனத்த நுரை இருபது வினாடியில் தயார். நடுவிலுள்ள 3 சதவீதப் பால்தான் புரதத்தையும் முழுதாக நம்பாமல் கொழுப்பையும் முழுதாக நம்பாமல் இரண்டையும் கெடுக்கிறது. கிரீமை அளவுக்கு மீறி அடித்தால் சாரம் இடிந்து வெண்ணெய் திரளும். அமெரிக்கச் சமையல் நூல்கள் அதைத் தோல்வி என்று குறிப்பிடுகின்றன. தமிழ் வீட்டில் அது அடுப்பேறி, முருங்கை இலை ஒரு கொத்துடன் நெய்யாக இறங்குவதால், இச்செய்முறையில் தோல்விக்கு இடமே இல்லை.

தாவரப் பால்களில் சோயாப் பால் புரதச் செறிவால் நன்கு நுரைக்கும். பாதாம் பால் அநேகமாக நுரைக்காது. ஓட்ஸ் பாலில் காபிக் கடைகளுக்கென்றே எண்ணெயும் அமிலத்தைச் சமன்செய்யும் உப்பும் சேர்த்த வகை மட்டுமே பயன்படும். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது உலகையே ஆட்டிவைத்த டல்கோனா காபியின் நுரை இவற்றுக்கு உறவன்று. அது உடனடிக் காபித்தூளையும் சர்க்கரையையும் வெந்நீரையும் சம அளவில் அடித்து எடுப்பது, பாலுக்கு அதில் பங்கில்லை.

நுரையின் கீழ் நிற்கும் காபிக்கு இவ்வூரார் கையாளும் முறை கோல்ட் ப்ரூ: கரகரப்பாக அரைத்த தூளை எட்டு மடங்கு எடையுள்ள குளிர்ந்த நீரில் 12 முதல் 18 மணி நேரம் ஊறவைத்து வடிப்பது. வெப்பம் படாததால் கசப்பும் புளிப்பும் குறைந்து, மிக மரியாதையான, ஆனால் சற்றே உயிரற்ற காபி கிடைக்கிறது. பித்தளை ஃபில்டரில் இறங்கிய டிகாக்ஷனை ஆறவைத்து ஐஸ் கட்டிகளின் மேல் ஊற்றுவதே மேல் என்பது இங்குள்ள தமிழ் வீடுகளின் ஒருமித்த முடிவு. சிக்கரியின் கனம் ஐஸ் உருகி நீர்த்த பின்னும் தாக்குப்பிடிக்கிறது. சர்க்கரை குளிர்ந்த காபியில் எளிதில் கரையாமல் அடியில் மணலாகத் தங்கும் என்பதால், சம அளவு சர்க்கரையும் நீரும் காய்ச்சிய பாகே சேர்க்கப்பட வேண்டும்.

குடிக்கும் முறை இறுதிச் சிக்கல். உறிஞ்சு குழாயை இட்டால் அடியிலுள்ள காபி முழுவதும் போய் நுரை மட்டும் எஞ்சும் என்பதால், உதட்டை வைத்துப் பருகும் திறப்புடைய மூடி இந்நுரைப் பானங்களுக்கென்றே உருவாக்கப்பட்டு, பின்னர் பிளாஸ்டிக் உறிஞ்சு குழாய்களை ஒழிக்கும் முயற்சியில் பிற குளிர்பானங்களுக்கும் பரவியது. அண்ணாந்து குடிக்கும் நம் வழக்கம் இங்கே முற்றிலும் தோற்கிறது: காபி முதலில் வாயில் விழ, நுரை குவளையின் விளிம்பில் நின்று யோசித்துவிட்டு, பின்னர் மொத்தமாக மூக்கின் மேல் இறங்கும். எச்சில் படாமல் குடிக்க வேண்டும் என்னும் கொள்கையுடையோர் குளிர்நுரைக் காபியைத் தவிர்ப்பது நலம், அல்லது கண்ணாடியைக் கழற்றி வைப்பது நலம்.

கணக்கையும் சொல்லிவிடலாம். 3.785 லிட்டர் கொண்ட ஒரு கேலன் பால் இங்கு நான்கைந்து டாலருக்குக் கிடைக்கிறது. குவளைக்கு 60 மில்லிலிட்டர் என்று கொண்டால் அதில் 63 குவளைக்கான நுரை எடுக்கலாம். கடையில் அந்த நுரைக்கு மட்டும் 63 டாலருக்குக் குறையாது. எனவே சித்தி எழுப்பிய வினாவுக்கு விடை இது: சூடான காபிக்கு டவராவும் டம்ளரும் போதும், மெஷின் வேண்டியதில்லை, குளிர்ந்த காபிக்கு மெஷின் வேண்டும், ஆனால் கடை வேண்டியதில்லை.

எதிர்வரும் மாதம் அத்தான் இங்கு வரும்போது, கடைத்தெருவில் வறுத்து உடனே அரைத்த பீபெரி காபித்தூள் ஒரு கிலோ கொடுத்தனுப்புமாறு இவ்வீட்டார் கேட்டுக்கொள்கின்றனர். வறுத்த காபியை இந்நாட்டுச் சுங்கத்துறை தடுப்பதில்லை. சிக்கரி 20 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். பொட்டலத்தை இரண்டு உறையிலிட்டுக் கட்டச் சொல்லவும், சென்ற முறை வந்த வேட்டிகள் இன்றும் காபி மணக்கின்றன.

இப்படிக்கு,
அன்புள்ள அக்காள் மகன்.